புக்குல எங்கிட்டுப் பாக்கணும், சார்?

உசிலம்பட்டியைத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். கணினி அறையில் எட்டு மெஷின். எட்டிலும் டெபியன் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தோம். மதுரையில் வெவ்வேறு வேலை பார்க்கும் நான்கு நண்பர்கள் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுவோம், சாயங்காலம் திரும்புவோம். மெஷின்களோடு சேர்த்து நாங்களே எழுதிய ஒரு தமிழ்க் கையேட்டையும் கொடுத்திருந்தோம். 140 பக்கம், ஸ்பைரல் பைண்டிங். ஒன்றரை வருட உழைப்பு அது.

ஒரு மாதம் கழித்துப் போனபோது அங்கிருந்த டீச்சர் அந்தக் கையேட்டை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். "சார், பிரிண்டர மாட்டியாச்சு. பேப்பர் வரல. இந்தப் புக்குல எங்கிட்டுப் பாக்கணும்?"

நான் வாங்கிப் புரட்டினேன். பொருளடக்கத்தில் 'பிரிண்டர்' என்ற சொல்லே இல்லை. 'அச்சுப்பொறி' இருந்தது, 97ஆம் பக்கத்தில், 'சாதனங்கள்' அத்தியாயத்தின் கீழ். அங்கே போனால் அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் என்ற மென்பொருளைப் பற்றி இரண்டு பக்கம் விளக்கியிருந்தோம். பிரிண்டரைச் சேர்க்கும் உரிமை அந்தப் பயனருக்கு இருக்க வேண்டும், அதற்கு அவரை 'எல்பிஅட்மின்' என்ற குழுவில் போட வேண்டும் என்பது 'பயனர்களும் அனுமதிகளும்' அத்தியாயத்தில், 41ஆம் பக்கத்தில். பிரிண்டருக்கான டிரைவரை எப்படி நிறுவுவது என்பது 'பொதி மேலாண்மை'யில், 63இல். டீச்சருக்கு வேண்டிய பதில் முழுக்க அந்தப் புத்தகத்தில் இருந்தது. மூன்று துண்டாக, மூன்று மூலையில் கிடந்தது. எழுதிய எனக்கே கோத்தெடுக்க இருபது நிமிடம் பிடித்தது. எழுதாத ஒருவருக்கு அது அந்தப் புத்தகத்தில் இல்லாததற்குச் சமம்.

பஸ்ஸில் திரும்பும்போது யாரும் அதிகம் பேசவில்லை. செக்கானூரணி வந்தபோது நண்பர் ஒருவர் சொன்னார்: "நாம மெஷின் எப்படி இருக்கோ அப்படி எழுதியிருக்கோம்ணே. டீச்சர் கேக்குற மாதிரி எழுதல." அடுத்த எட்டு மாதம் நாங்கள் செய்த வேலை முழுவதும் அந்த ஒரு பேச்சிலிருந்து கிளம்பியதுதான். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். சுதந்திர மென்பொருள் ஒன்றுக்குத் தமிழில் ஆவணம் எழுத நினைப்பவர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

இந்தத் துறைக்கு ஒரு நல்ல மரபு உண்டு. யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. எழுதியவர்கள் அந்த இயங்குதளத்தை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும். பெல் ஆய்வுக்கூடத்தில் அவர்களுக்குப் புதிய கணினி கிடைத்ததே, காப்புரிமைப் பிரிவுக்கு ஆவணம் தயாரிக்கும் வசதி செய்து தருகிறோம் என்று சொல்லித்தான். அந்தக் கையேட்டின் அமைப்பு இன்றும் நம் லினக்ஸில் உயிரோடு இருக்கிறது. 'மேன்' என்று தட்டினால் வரும் பக்கங்கள் எட்டுப் பகுதிகளாகப் பிரிந்திருக்கும். முதல் பகுதி கட்டளைகள், ஐந்தாவது கோப்புகளின் அமைப்பு, எட்டாவது நிர்வாக வேலைகள் என்று போகும். 'கிரான்டாப்' என்ற பெயரில் இரண்டு பக்கம் உண்டு. கட்டளையை எப்படிக் கொடுப்பது என்று முதல் பகுதி சொல்லும். அந்தக் கோப்புக்குள் ஒரு வரியை எப்படி எழுதுவது என்று ஐந்தாம் பகுதி சொல்லும். ஒரே பெயர்தான், கேள்வி வேறு. 1971இலேயே இதைப் பிரித்து வைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை பொங்குகிறது.

அந்த முதல் கையேட்டில் எனக்கு மிகப் பிடித்தவை இரண்டு சிறு தலைப்புகள். ஒன்று, 'பிழைகள்'. இந்தக் கட்டளை எங்கே சொதப்பும் என்பதை எழுதியவரே பக்கத்தின் கடைசியில் சொல்லிவிடுவார். இன்னொன்று, 'உரிமையாளர்'. அந்தக் கட்டளைக்குப் பொறுப்பு யார் என்று பெயரின் சுருக்கம் இருக்கும். இரண்டாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் மேன் பக்கம், கட்டளையின் பெயர் தெரிந்தவருக்கானது. பெயர் தெரியாதவர் எங்கே போவார்? 1990களின் தொடக்கத்தில் லினக்ஸ் பரவ ஆரம்பித்தபோது இதே கேள்வி எழுந்தது. 1992இல் மேட் வெல்ஷ், லார்ஸ் விர்சேனியஸ் போன்றவர்கள் லினக்ஸ் ஆவணத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த 'ஹவ்டு' என்ற வடிவம் பெயரிலேயே வேலையைச் சொன்னது. எப்படிச் செய்வது என்பதுதான் தலைப்பு. பிரிண்டருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று. கணினியின் உறுப்புகளை வரிசைப்படுத்தாமல், மனிதன் செய்ய நினைக்கும் காரியங்களை வரிசைப்படுத்தினார்கள். எங்கள் 140 பக்கத்தில் இல்லாதது அதுதான்.

இந்த இடத்தில் மதுரைக்காரனாக ஒரு கதை சொல்லியாக வேண்டும்.

இறையனார் அகப்பொருள் என்ற நூலுக்கு வழங்கும் உரையின் தொடக்கத்திலேயே அந்தக் கதை இருக்கிறது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். அரசன் புலவர்களை, உங்களால் முடிந்த நாட்டில் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுகிறான். மழை பெய்து நாடு செழித்த பிறகு ஆள் அனுப்பித் தேடினால் எழுத்து வல்லவர் கிடைக்கிறார், சொல் வல்லவர் கிடைக்கிறார், யாப்பு வல்லவர் கிடைக்கிறார். பொருளதிகாரம் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அரசன் கவலைப்பட, ஆலவாய் இறைவனே அறுபது சூத்திரம் செய்து மூன்று செப்பிதழில் எழுதிப் பீடத்தின் அடியில் வைக்கிறார். கிடைத்துவிட்டது. ஆனால் சூத்திரம் சூத்திரமாகவே இருக்கிறது. உரை வேண்டும். சங்கப் புலவர்கள் நாற்பத்தொன்பது பேரும் ஆளுக்கொரு உரை எழுதுகிறார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல யாரால் முடியும்? ஒவ்வொருவரும் தம்முடையதே சரி என்கிறார்கள்.

கடைசியில் தீர்ப்புச் சொல்ல வந்தவன் உருத்திரசன்மன். ஐந்து வயதுப் பையன். வாய் பேசமாட்டான். அவனை உயர்ந்த ஆசனத்தில் உட்காரவைத்து ஒவ்வொருவராக உரையை வாசிக்கிறார்கள். அவன் அசையவில்லை. மருதன் இளநாகனார் வாசித்தபோது சில இடங்களில் மட்டும் கண்ணீர் விட்டு மெய்சிலிர்க்கிறான். நக்கீரர் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர். அதுதான் மெய்யுரை என்று எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

சின்ன வயதில் இதைத் தெய்வக் கதையாகக் கேட்டேன். இப்போது ஆவணம் எழுதுபவனாக வாசிக்கும்போது வேறொன்று பிடிபடுகிறது. மூலத்தைச் செய்தவர் இறைவன். எழுதியவர்கள் நாட்டின் பெரும் புலவர்கள். ஆனால் உரையின் தரத்தை முடிவு செய்தது கேட்பவன் முகம். அவன் விளக்கம் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. எழுதியவர் பக்கத்தில் நின்று, "அதாவது, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று ஒட்டுப்போட வழியில்லை. உரை தன் காலில் நின்றாக வேண்டும்.

இதை அப்படியே செய்து பார்த்தோம். பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணிடம் ஒரு பென்டிரைவையும், நிறுவும் முறை எழுதிய எங்கள் ஆறு பக்கத்தையும் கொடுத்தோம். "நீ பாத்துப் பண்ணும்மா, நாங்க பின்னாடி இருக்கோம்." எங்களுக்குள் ஒரே விதி, யாரும் வாய் திறக்கக் கூடாது. பின் பெஞ்சில் நான்கு பேரும் நோட்டோடு உட்கார்ந்தோம். அவள் விரல் எந்த வரியில் நின்றதோ அதைக் குறித்துக்கொண்டோம். டெபியன் நிறுவியில் மொழியாகத் தமிழையே தேர்ந்தெடுக்கலாம் என்பதால் முதல் நாலைந்து திரைகளைச் சுலபமாகத் தாண்டினாள். வட்டைப் பிரிக்கும் திரை வந்ததும் நின்றாள். எங்கள் பக்கத்தில், 'உங்கள் தேவைக்கேற்ப பார்ட்டிஷன் அமைப்பைத் தேர்வு செய்க' என்று எழுதியிருந்தோம். அவளுடைய தேவை என்ன என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தத் திரை எதைக் கேட்கிறது என்பதே அங்கேதான் முதல்முறை தெரிகிறது. ஏழு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த ஏழு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் இந்த வேலையிலேயே எனக்குக் கடினமான பகுதி.

அன்று பதினோரு இடத்தில் அவள் நின்றாள். பதினொன்றையும் திருத்தினோம். இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: 'இந்த மெஷினில் வேறு எதுவும் காப்பாற்ற வேண்டியதில்லை என்றால் முதல் வரியைத் தேர்ந்தெடுங்கள். பழைய ஃபைல்கள் வேண்டும் என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு 9ஆம் பக்கத்துக்குப் போங்கள்.'

நன்னூலில் பவணந்தி முனிவர் உரையை இரண்டு வகையாகப் பிரிக்கிறார். கருத்து, சொற்பொருள், உதாரணம், வினாவிடை என்று அளவாகச் சொல்வது காண்டிகை. அதோடு நிற்காமல் வேண்டியதையெல்லாம் விரித்துச் சொல்வது விருத்தி. இன்று மென்பொருள் ஆவண உலகில் டேனியலே புரோசிடா என்பவர் முன்வைத்த 'டயாடாக்சிஸ்' முறையைப் பலர் பின்பற்றுகிறார்கள். அவர் நான்காகப் பிரிக்கிறார்: கைபிடித்துக் கற்றுத்தரும் பாடம், ஒரு காரியத்தை முடிக்க உதவும் வழிமுறை, தேடி எடுக்க உதவும் பார்வைப் பட்டியல், ஏன் இப்படி என்று புரியவைக்கும் விளக்கம். நான்கையும் ஒரே பக்கத்தில் கலக்காதே என்பதுதான் அதன் சாரம். எங்கள் பிரிண்டர் அத்தியாயம் பாதி விளக்கம், கால் பட்டியல், கால் வழிமுறை. பேப்பர் வராமல் தவிக்கும் டீச்சரிடம் கப்ஸின் உள்ளமைப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அந்த விளக்கம் தப்பில்லை, அதற்கான நேரம் அதுவல்ல.

புது அடுக்கை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று சொல்கிறேன். மூன்று பள்ளிகளில் நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கணினி அறைக் கதவில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். எது ஓடவில்லையோ, எது தெரியவில்லையோ, உங்கள் வார்த்தையிலேயே எழுதிவையுங்கள் என்றோம். இரண்டு மாதத்தில் நூற்றுக்கும் மேல் கேள்விகள். அத்தனையையும் துண்டுச் சீட்டில் எழுதி நண்பர் வீட்டு மொட்டைமாடியில் பரப்பினோம். காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின்மேலும் ஒரு கல். எந்தச் சீட்டுகள் ஒன்றோடொன்று சேர்கின்றன என்று சாயங்காலம் வரை நகர்த்திக்கொண்டே இருந்தோம். 'படம் தெரியல', 'சத்தம் வரல', 'நெட் வரல', 'பிரிண்ட் வரல' எல்லாம் ஒரு குவியல். அதற்குப் பெயர் 'வரல' என்றே ஆனது. 'தமிழ்ல அடிக்க முடியல', 'பழைய தமிழ் ஃபைல் கட்டம் கட்டமாத் தெரியுது' இன்னொரு குவியல். 'பாஸ்வேர்ட் மறந்துபோச்சு' தனியாகவே ஒரு குவியலாக வளர்ந்தது.

பழைய அத்தியாயங்களைத் தூக்கி எறியவில்லை. மதுரைக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு. இந்த அடுக்குத் தெரிந்தவனுக்கு வீதிப் பெயரைச் சொன்னாலே எத்தனையாவது சுற்று, எந்தத் திசை என்று தெரிந்துவிடும். ஆனால் மேலூரிலிருந்து தங்கச்சி கல்யாணத்துக்கு நகை எடுக்க வருகிறவர் தெற்கு ஆவணி மூல வீதி எது என்று கேட்பதில்லை. "நகைக்கடைப் பக்கம் எங்கிட்டுப் போகணும்?" என்றுதான் கேட்பார். இரண்டும் வேண்டும். வீதிகளின் அடுக்கு நகரத்தைக் காப்பாற்றுகிறது. கடைத்தெருவின் பெயர் வருகிறவரைக் காப்பாற்றுகிறது. எங்கள் பழைய அத்தியாயங்கள் பின்பாதியில் பார்வைக்கு என அப்படியே இருக்கின்றன. முன்பாதியில் 24 பக்கத்தில் கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கத்துக்குள் பதில், அடியில் மேலும் தெரிய வேண்டுமானால் எந்த அத்தியாயம் என்ற குறிப்பு. டீச்சர்கள் அந்த 24 பக்கத்தை மட்டும் தனியாக ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள்.

சொற்களைப் பற்றி எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. நான் 'கோப்பு', 'அடைவு', 'முனையம்', 'பொதி' பக்கம். இந்தச் சொற்களை உருவாக்கி இருபது வருடத்துக்கு மேலாக லினக்ஸின் திரைகளைத் தமிழாக்கி வரும் தன்னார்வலர்களின் உழைப்பு எனக்குப் பெரிது. உபுண்டு தமிழ்க் குழுமம், கேடிஈ, க்னோம் தமிழாக்கக் குழுக்கள் எல்லாம் ஒரு ரூபாய் வாங்காமல் செய்த வேலை அது. திரையில் 'கோப்பு' என்று இருக்கும்போது கையேட்டில் 'ஃபைல்' என்று எழுதினால் வாசிப்பவர் தடுமாறுவார். நண்பர் எதிர்ப்பக்கம்: "டீச்சர் தேடுறது பிரிண்டர். அச்சுப்பொறின்னு போட்டா அவங்களுக்குக் கிடைக்காது." இருவர் சொன்னதும் நியாயம். கடைசியில், திரையில் தெரியும் சொல் எதுவோ அதையே வழிமுறையில் எழுதுவது, தலைப்பிலும் சொல்லகராதியிலும் மக்கள் சொல்லும் சொல்லையும் கூடவே போடுவது என்று முடிவு செய்தோம். 'பிரிண்டர்' என்று தேடினாலும் 'அச்சுப்பொறி' என்று தேடினாலும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவிட வேண்டும்.

தேடுவது என்றதும் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். கையேட்டில் 'கோப்பு' என்று தேடினால் 'கோப்புகள்' கிடைக்கும். 'கோப்பில்', 'கோப்பை' கிடைக்காது. வேற்றுமை உருபு சேர்ந்ததும் கடைசி உகரம் போய்விடுகிறது. யூனிகோடில் 'பு' என்பது பகரமும் உகரக் குறியும். 'பி' என்றால் குறியே வேறு. மனிதக் கண்ணுக்கு அது ஒரே சொல், கணினிக்கு வேறு. 'கோப்ப' என்று பகரத்தோடு நிறுத்தித் தேடினால் அத்தனையும் வரும், கூடவே தேநீர் குடிக்கும் கோப்பையும் வரும். 'அடைவு', 'பயன்பாடு' எல்லாவற்றுக்கும் இதே கதை. ஆகவே ஒரு விதி வைத்தோம்: தலைப்பில் முக்கியச் சொல் உருபு சேராமல் முதல் வேற்றுமையிலேயே நிற்க வேண்டும். 'கோப்பைத் தொலைத்துவிட்டால்' என்பது தலைப்பு அல்ல. 'கோப்பு காணாமல் போனால்' என்பது தலைப்பு.

அதைவிட நுட்பமான இன்னொன்று இருக்கிறது. 'கோ'வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். ஆனால் இயல்பாக்கம் செய்யாத தேடலில் ஒன்றைத் தேடினால் மற்றது சிக்காது. எங்கள் நால்வரில் ஒருவருடைய பழைய விசைப்பலகை மென்பொருள் இரண்டாவது வழியில் எழுதிவந்திருக்கிறது. அவர் எழுதிய அத்தியாயம் மட்டும் தேடலில் வராமலே இருந்த காரணம் மூன்று வாரம் கழித்துத்தான் பிடிபட்டது. இப்போது எந்தப் பக்கத்தைச் சேர்ப்பதானாலும் முதலில் ஒரு சிறு நிரல் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். சொல்லகராதியை வரிசைப்படுத்தும்போதும் கவனம் வேண்டும். வெறும் யூனிகோடு எண்ணை வைத்து அடுக்கினால் றகரம் ரகரத்துக்கு அடுத்தும், னகரம் நகரத்துக்கு அடுத்தும் வந்து நிற்கும். நம் நெடுங்கணக்கில் அவை கடைசி இரண்டு மெய்கள்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேர்டு பிராசஸரில் எழுதிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு எளிய உரைக் கோப்புகளாக, மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்ற மென்பொருளில் வைத்தோம். பெரிய திட்டங்களும் இந்தப் பக்கம்தான் வந்திருக்கின்றன. லினக்ஸ் கெர்னலின் ஆவணங்கள் 2016இல் ஸ்பிங்ஸ் முறைக்கு மாறத் தொடங்கின. ஃப்ரீபிஎஸ்டி 2021இல் தன் கையேட்டை ஆஸ்கிடாக்குக்கு மாற்றியது. டீச்சர்கள் கிட் பக்கம் வருவதில்லை. பென்சிலால் பக்கத்தின் ஓரத்தில் எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அந்தத் திருத்தத்தை அவர்கள் பெயரிலேயே பதிவு செய்கிறோம்.

பெயர் என்றதும் யூனிக்ஸ் கையேட்டின் 'உரிமையாளர்' வரிக்கு வருகிறேன். ஆவணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் காலம்தான், தப்பான தகவல்கூட அவ்வளவு கெடுப்பதில்லை. எங்கள் முதல் பதிப்பில், வைஃபை ஓடாவிட்டால் அந்தச் சாதனத்துக்கான ஃபர்ம்வேரைத் தனியாக இறக்கிப் பென்டிரைவில் போடுங்கள் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தோம். டெபியன் 11 வரை அது சரி. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி, தேவைப்படும் ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் அது நடப்புக்கு வந்தது. எங்கள் மூன்று பக்கமும் ஒரே நாளில் வேண்டாத வேலையாகிவிட்டது. ஆனால் அச்சடித்த பிரதி பள்ளியில் இருந்தது. ஒரு வாத்தியார் ஒரு சனிக்கிழமை முழுவதும் அதைப் பார்த்து ஃபர்ம்வேர் தேடியிருக்கிறார். பக்கத்தில் பதிப்பு எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. அவர் சனிக்கிழமையை நாங்கள் திருப்பித் தர முடியாது.

இதற்கு மாதிரி எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருந்தது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்தபடி கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம். சங்கம் வளர்த்த ஊர் என்பதால் அந்தப் பெயர். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறார்கள். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு எண். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்ற விவரம். யாரும் பகிரலாம், அந்தத் தலைப்புப் பகுதியை மட்டும் நீக்காதீர்கள் என்ற ஒரு வேண்டுகோள். எழுத்துருக்கள் மாறி, குறியாக்கம் மாறி, யூனிகோடு வந்த பிறகும் அந்தக் கோப்புகள் பிழைத்திருக்கின்றன என்றால் இந்த ஒழுங்குக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்று நம்புகிறேன். இறையனார் அகப்பொருள் உரையிலும் இது இருக்கிறது. நக்கீரர் தம் மகன் கீரங்கொற்றனாருக்குச் சொன்னார், அவர் அடுத்தவருக்குச் சொன்னார் என்று முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை யார் யாரிடமிருந்து வந்தது என்ற வரிசை அந்த உரையிலேயே பதிவாகியிருக்கிறது.

எங்கள் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இப்போது நான்கு வரி: பக்க எண், எந்த டெபியன் பதிப்புக்கு, கடைசியாகச் செய்து பார்த்தவர் யார், எந்தத் தேதியில் எந்தப் பள்ளியில் சோதித்தது. 'எழுதியவர்' என்பதைவிடச் 'செய்து பார்த்தவர்' என்பது முக்கியம் என்று நினைக்கிறோம். டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு பதிப்பு வெளியிடுகிறது. 2025 ஆகஸ்டில் 13 வந்தபோது எல்லாப் பக்கங்களையும் வரிசையாக எடுத்து, மறுபடி செய்து பார்த்துத் தேதி போட்டோம். செய்து பார்க்க ஆள் கிடைக்காத பக்கங்களை அச்சுப் பிரதியிலிருந்து எடுத்துவிட்டோம். மனது வராமல்தான் எடுத்தோம்.

இதையெல்லாம் ஏன் தமிழில், ஏன் காகிதத்தில் என்று கேட்பவர்கள் உண்டு. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரத் தொடங்கியபோது அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. எங்கள் தெருவிலேயே நான்கு பிள்ளைகளுக்கு அந்த மடிக்கணினி கிடைத்தது. திறக்கும்போது வரும் இரண்டு வரியில் விண்டோஸைத் தவிர மற்றது என்ன என்று அவர்களில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசை இருந்தது. கையில் கொடுக்க ஒரு தாள் இல்லை. ஒரு இயங்குதளம் வீட்டுக்குள் வந்து, உட்காரச் சொல்ல ஆளில்லாமல் திரும்பிப் போன மாதிரி எனக்குத் தோன்றும். மாநிலப் பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் பிறகு உபுண்டுவும் பாடமாக வந்தது. 2012 முதல் கணியம் இதழ் சுதந்திர மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசை நூல்களைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம். நாங்களும் அங்கிருந்துதான் கற்றோம். எங்கள் கையேட்டுக்கும் அதே வகை உரிமத்தையே வைத்தோம். விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் மாணவர்களை உட்காரவைத்துச் சொல்லித் தருகின்றன. மதுரையைச் சுற்றி இன்னும் நிறைய கணினி அறைகள் இருக்கின்றன. அங்கே நெட் வராத நாளும் கரண்ட் இல்லாத மணியும் வழக்கம். நெட் வரவில்லை என்ற கேள்விக்கான பதிலை நெட்டில் வைத்து என்ன பயன்? ஆகவே காகிதம்.

போன வாரம் உசிலம்பட்டிப் பக்கம் அதே பள்ளிக்குப் போயிருந்தேன். கதவில் தொங்கும் நோட்டு ஏறக்குறைய நிரம்பிவிட்டது. கடைசிப் பக்கத்தில் பச்சை மையில் ஒரு கேள்வி: 'கரண்ட் போயிட்டு வந்தா 5ஆம் நம்பர் மெஷின் கறுப்பாகி இங்கிலீஷ் எழுத்து மட்டும் நிக்குது. என்ன செய்ய?' வட்டில் ஏற்பட்ட கோளாறைச் சரிபார்க்க வேண்டிய இடம் அது. அந்தக் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டி, கேட்கும் கேள்விகளுக்கு 'ஒய்' அழுத்திக்கொண்டே போனால் பெரும்பாலும் மீண்டு வந்துவிடும். திரையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லாதபோது பயப்படாமல் இதைச் செய்யவைக்கும்படி ஒரு பக்கத்துக்குள் எழுத வேண்டும். இதுவரை மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். நான்காவதை இந்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோகிறேன். அந்தப் பெண் இப்போது பத்தாம் வகுப்பு. 5ஆம் நம்பர் மெஷின் முன்னால் அவள் உட்காருவாள். நாங்கள் பின் பெஞ்சில் நோட்டோடு உட்காருவோம்.